யார் நட்ட கட்டைகள்?

எங்கள் பாடசாலையில் கண்காட்சிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தபோது, வணிகக் கல்வி படிப்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் நீளமான பிரிஸ்டல் போட் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். மேசையில் விரித்தார். மேலே தடித்த எழுத்தில் 'ஒரு மாபெரும் கம்பனியின் மைல்கற்கள்' என்றிருந்தது. கீழே வர்ணம் வர்ணமாய் அம்புக்குறிகள். 1955 கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து, 1971 புளோரிடாவில் வோல்ட் டிஸ்னி வேர்ள்ட், 1982 எப்கொட், 1983 டோக்கியோ, 1992 பாரிஸ், 2005 ஹொங்கொங், 2016 ஷாங்காய். ஒவ்வோர் அம்புக்கும் பக்கத்தில் வெட்டி ஒட்டிய கோட்டைப் படம்.

"சேர், நீங்க வரலாறு படிப்பிக்கிற ஆள். திகதியெல்லாம் சரியா என்டு ஒருக்கா பாருங்க."

பார்த்தேன். ஒரு திகதியும் பிழையில்லை. பிழையில்லாத அந்த அட்டைதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஏனெனில் ஒரு பொய்யும் சொல்லாமலே ஒருவரை ஏமாற்றிவிட முடியும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் அண்மையில் நான் கண்டதில்லை.

எங்கள் பக்கத்தில் மைல்கல்லை யாரும் மைல்கல் என்று சொல்வதில்லை. கட்டை என்போம். ஆறாம் கட்டை, பத்தாம் கட்டை என்று ஊருக்கே அது பெயராகிப் போனதும் உண்டு. அந்தக் கட்டையிலுள்ள இலக்கம் எங்கிருந்து எண்ணப்பட்டது என்று என்றாவது யோசித்திருக்கிறோமா? வெள்ளைக்காரனின் கந்தோர் இருந்த இடத்திலிருந்து. வயலுக்கும் கடலுக்கும் நடந்து போகிறவனுக்கு அந்த இலக்கத்தால் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. கல்லைச் சுமந்துவந்து நட்ட கூலியாளின் பெயரும் அதிலில்லை. கம்பனிகள் தமது வரலாற்றை எழுதும்போது நடுகின்ற கட்டைகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். தூரம் எப்போதும் கம்பனியின் வாசலிலிருந்தே அளக்கப்படும்.

வோல்ட் டிஸ்னி என்ற மனிதரின் திறமையை நான் மறுக்கவில்லை. பெற்றோர் ஒரு பக்கம் வாங்கில் குந்திக்கொண்டிருக்க, பிள்ளைகள் மாத்திரம் ராட்டினத்தில் சுற்றுகின்ற நிலையை மாற்றி, இருசாராரும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அவர் நினைத்தது நல்ல நினைப்பு. பெருநாள் காணிவேலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், குப்பைக்கும் இரைச்சலுக்கும் நடுவில் பணப்பையை ஒரு கையாலும் மகளை மறு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற எந்த வாப்பாவுக்கும் அந்த நினைப்பின் அருமை விளங்கும். என் மகளின் தண்ணீர்ப் போத்தலிலும் மிக்கி மவுஸ்தான் சிரித்துக்கொண்டிருக்கிறது. நான் அதைப் பறித்து எறியப் போவதில்லை.

ஆனால் 1955 ஜூலை 17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அனஹைமில் 160 ஏக்கர் தோடம்பழத் தோட்டத்தை அழித்து, ஏறத்தாழ ஒரு வருடத்தில், 1 கோடி 70 இலட்சம் டொலர் செலவில் கட்டிய பூங்கா திறக்கப்பட்ட நாள். அன்று கள்ளச் சீட்டுடன் வந்தவர்களும் சேர்ந்து கூட்டம் எதிர்பார்த்ததைவிடப் பெருகியது. போட்டுக் காயாத தாரில் பெண்களின் பாதணிக் குதிகள் புதைந்தன. குழாய்த் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாயா மலசலகூடமா, எதை முதலில் முடிப்பது என்ற நிலை வந்து, மலசலகூடத்தையே முடித்தார்கள். வெயிலில் தண்ணீரில்லை. பிற்காலத்தில் கம்பனிக்காரரே அந்த நாளைக் 'கறுப்பு ஞாயிறு' என்று பகிடியாகச் சொல்லலானார்கள். அன்று தொலைக்காட்சியில் நேரடி வர்ணனை செய்தவர்களில் ஒருவர் ரொனால்ட் ரேகன். இருபத்தைந்து வருடங்களுக்குப் பின்னர் அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது யாவரும் அறிந்தது.

கம்பனி தானே சிரித்துக்கொண்டு சொல்லத் தயாராக உள்ள பிழைகள் இவை. வெற்றி பெற்றவன் தன் ஆரம்பகாலக் கஷ்டத்தைச் சொல்வதும் ஒருவகைப் பெருமைதான். சொல்லத் தயங்கும் கட்டைகள் வேறு.

1964, 65 ஆம் ஆண்டுகளில் புளோரிடாவில் நடந்ததைப் பாருங்கள். பெயர் தெரியாத போலிக் கம்பனிகளின் பெயரில், ஏக்கர் ஒன்று சராசரி 200 டொலருக்கும் குறைவாக, சுமார் 27,000 ஏக்கர் காணி சத்தமின்றி வாங்கப்பட்டது. கொழும்பு மாநகரசபை எல்லையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வாங்குகிறவர் யாரென்று 1965 ஒக்டோபரில் பத்திரிகை வெளிப்படுத்தியதும் அயல் காணிகளின் விலை விண்ணைத் தொட்டது. விற்றுவிட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள். வியாபாரத்தில் இது சாமர்த்தியம், சட்டவிரோதமல்ல. நானும் அப்படியே ஒப்புக்கொண்டு மேலே போகிறேன்.

மேலே இருப்பதுதான் விசேடம். அங்கே எதிர்கால நகரம் ஒன்றைக் கட்டப்போவதாகவும், 20,000 பேர் அதில் குடியிருப்பார்கள் என்றும் சொல்லப்பட்டது. எப்கொட் என்பது அந்த நகரத்துக்கு வைத்த பெயர். நகரம் கட்டுவதானால் நகரசபைக்குரிய அதிகாரங்கள் வேண்டாமா? 1967இல் புளோரிடா சட்டசபை கொடுத்தது. றீடி கிறீக் மேம்பாட்டு மாவட்டம் என்ற பெயரில் தெரு, வடிகால், தீயணைப்பு, கட்டட அனுமதி எல்லாம் கம்பனியின் கைக்குப் போயின. விரும்பினால் அணுமின் நிலையம் கட்டவும் அதிகாரமிருந்தது. நிர்வாக சபையைத் தெரிவு செய்வதில் ஏக்கருக்கு ஒரு வாக்கு. மனிதனுக்கு ஒரு வாக்கு என்று குடியுரிமைப் பாடத்தில் நாம் படிப்பிக்கிறோமே, இங்கே மண்ணுக்கு வாக்கு!

வோல்ட் டிஸ்னி 1966 டிசம்பரில் இறந்துவிட்டார். 1982இல் எப்கொட் திறந்தபோது அது இன்னுமொரு பூங்காவாகவே இருந்தது. 20,000 பேரில் ஒருவர்கூட அங்கே குடியிருக்கவில்லை. நகரம் வரவில்லை, நகரத்துக்காகக் கேட்ட அதிகாரம் மட்டும் திரும்பிப் போகவுமில்லை. 2023இல்தான் மாநில அரசு அந்தச் சபையின் நியமனத்தைத் தன் கையில் எடுத்தது. அதுவும் நீதிக்காக அல்ல, ஆளுநருக்கும் கம்பனிக்கும் மூண்ட அரசியல் கோபத்தால். ஐம்பத்தைந்து வருடம் யாருக்கும் உறுத்தாதது அப்போதுதான் உறுத்தியது. அட்டையில் 1982க்குக் கோட்டைப் படம் ஒட்டியிருந்த தம்பிக்கு இதைச் சொன்னேன். "அப்ப அது மைல்கல் இல்லையா சேர்?" என்றார். கட்டைதான் தம்பி. எந்த ஊருக்குப் போவதாகச் சொல்லி வழியில் இறக்கிவிட்டார்கள் என்பதைத்தான் அதில் எழுதவில்லை.

இனி நான் சொல்லப்போவது 1994. அட்டையில் அந்த வருடமே இல்லை. என்னைக் கேட்டால் அந்தக் கம்பனியின் சரித்திரத்தில் வரலாற்று ஆசிரியன் ஒருவன் கட்டாயம் படிக்க வேண்டிய வருடம் அதுதான்.

1993 நவம்பரில், வேர்ஜீனியாவில் ஹேமார்க்கெட் என்னும் சிற்றூருக்கு அருகே, 'டிஸ்னியின் அமெரிக்கா' என்ற பெயரில் வரலாற்றுப் பூங்கா ஒன்றைக் கட்டப்போவதாகக் கம்பனி அறிவித்தது. தலைநகர் வாஷிங்டனிலிருந்து அதிக தூரமில்லை. பக்கத்திலேயே மனாசஸ் போர்க்களம். 1861இலும் 1862இலும் உள்நாட்டுப் போரின் இரு பெரும் சமர்கள் நடந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட மண். மாநில அரசு வேலைவாய்ப்பு வருமென்று மகிழ்ந்து, தெருக்களுக்கும் பிறவற்றுக்குமாகச் சுமார் 16 கோடி டொலர் உதவிக்குச் சம்மதம் கொடுத்துவிட்டது.

அந்தப் பூங்காவில் வருகிறவர்களை உள்நாட்டுப் போரின் சிப்பாயாக உணரச் செய்வோம், அடிமையாக இருப்பது எப்படியென்று உணரச் செய்வோம் என்று கம்பனி அதிகாரி ஒருவர் சொன்னார். வாசகர் ஒருகணம் இதில் நிற்க வேண்டும். அடிமையாக உணரச் செய்வார்களாம்! எத்தனை நிமிடங்களுக்கு? முடிந்ததும் எந்தப் பக்கத்தால் வெளியேறுவது? வெளியேறும் வழியில் ஐஸ்கிறீம் கடை இருக்குமா? எங்கள் கரையில் 2004 டிசம்பர் 26ஐக் கண்டவர்கள் இருக்கிறோம். பத்து நிமிடத்தில் சுனாமியை உணரவைக்கிறேன் என்று ஒருவன் சீட்டு விற்க வந்தால் எங்கள் ஊர் உம்மாமார் அவனை என்ன செய்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இத்தனைக்கும் அதே கம்பனியின் பூங்காக்களில் 1989 முதல் ஒரு நீர்ச் சவாரி ஓடிக்கொண்டிருந்தது. 1946இல் வந்த, தோட்டத்துக் கறுப்பின மக்களைக் கவலையற்றுப் பாடித் திரிகிறவர்களாகக் காட்டியதாகக் கண்டிக்கப்பட்ட, வீட்டில் பார்க்கும் ஒளிநாடாவாக அமெரிக்காவில் கம்பனியே வெளியிடத் துணியாத ஒரு படத்தின் பாத்திரங்களைக் கொண்ட சவாரி. படத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு அதன் முயலையும் நரியையும் வைத்துச் சம்பாதித்தார்கள். 2023இல்தான் அமெரிக்கப் பூங்காக்கள் இரண்டிலும் அது மூடப்பட்டது. 1994இல் அடிமைத்தனத்தைக் கற்பிக்க வந்தவர்கள் இவர்கள்தான்.

டேவிட் மக்கலொவ், ஜேம்ஸ் மக்பேர்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுந்தார்கள். உண்மையான தலத்தின் அருகில் பிளாஸ்ரிக் வரலாற்றை நட்டால், உண்மையானது மூச்சுத்திணறிப் போகும் என்பது அவர்களின் வாதம். கம்பனியின் தலைவர் மைக்கல் ஐஸ்னர் அதற்குச் சொன்ன பதில் என்ன தெரியுமா? தானும் எத்தனையோ வரலாற்று வகுப்புகளில் இருந்ததாகவும், இவர்கள் எழுதியவற்றில் சிலவற்றைப் படித்ததாகவும், ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லையென்றும், சலிப்பாக இருந்ததென்றும்!

கிராமத்துப் பாடசாலையில் இருபது வருடமாக வெண்கட்டி பிடிக்கிறவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். சலிப்பு உண்டு ஐயா. பகல் ஒரு மணிக்கு, தகரக் கூரையின் கீழ், நாற்பது பிள்ளைகளுக்குப் பராக்கிரமபாகுவின் நீர்ப்பாசனத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது நானே கொட்டாவி விட்டதுண்டு. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அந்தக் குளத்தை வெட்டின ஆக்கள் எங்க?" என்று கேட்க முடியும். எனக்குப் பதில் தெரியாமற் போகலாம், கேள்வி நின்றுவிடும். சவாரி வண்டியில் இடுப்புப் பட்டியோடு கட்டப்பட்டிருக்கும் பிள்ளை யாரைக் கேட்கும்? வண்டி நிற்காது. அது தண்டவாளத்தில் ஓடுகிறது. பின்னால் அடுத்த வண்டி வருகிறது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வரலாறு எடுத்த விரிவுரையாளர் ஒருவர், எந்த ஆவணத்தைக் கையிலெடுத்தாலும் இதை எழுதியவனுக்கு இதில் என்ன இலாபம் என்று முதலில் கேள் என்பார். அந்த அளவுகோலை நம் பக்கத்துக்கும் பிடிப்பதுதான் நியாயம். வேர்ஜீனியாவில் எதிர்த்தவர்கள் எல்லோரும் வரலாற்றுப் பற்றாளர் அல்லர். குதிரைப் பண்ணையும் பெருந்தோட்டமும் வைத்திருந்த பணக்காரர்கள் தமது பக்கத்து அமைதி கெடும் என்றும் எதிர்த்தார்கள். அவர்களின் பணமும் செல்வாக்கும் இல்லாமல் பேராசிரியர்களின் பேனா மட்டும் வென்றிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. எப்படியோ, 1994 செப்டெம்பரில் கம்பனி பின்வாங்கியது. அன்று தப்பிய மண்ணுக்கு ஒரு கட்டை நடக் கம்பனி வரப்போவதில்லை. அதை நாம்தான் நட வேண்டும்.

தம்பி கேட்டார்: "அது அவங்கட நாட்டுப் பிரச்சினை சேர், நமக்கென்ன?"

நமக்கும் உண்டு. 1998இல் புளோரிடாவில் திறந்த மிருகப் பூங்காவில் அடுத்த வருடம் ஆசியப் பகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்கு ஒரு கற்பனை நாடு. பெயர் ஆனந்தபூர். இந்தியா, நேபாளம், தாய்லாந்து, இந்தோனேசியா என்று எங்கள் திசையிலுள்ள பல நாடுகளையும் ஒரு சட்டியில் போட்டுக் கிண்டியது. கலைஞர்கள் பிரயாணம் செய்து, கவனமாகப் பார்த்து, உழைத்துக் கட்டியது என்பதை மறைக்க மாட்டேன். அங்கே சுவர்களில் வர்ணம் உரிந்திருக்கிறது. சுவரொட்டிகள் கிழிந்திருக்கின்றன. துருப்பிடித்த சைக்கிள்கள் சாத்தியிருக்கின்றன. அரண்மனை இடிந்து கிடக்கிறது. எல்லாம் புதிதாகச் செய்த பழசு. திட்டமிட்டு உரித்த காரை, கூலி கொடுத்து ஏற்றிய துரு.

எங்கள் பாடசாலைச் சுவரிலும் காரை உரிந்துதான் இருக்கிறது. அதை உரிப்பதற்கு எந்தக் கலைஞரும் சம்பளம் வாங்கவில்லை. அதே கம்பனியின் அமெரிக்கத் தெருவைப் பாருங்கள், டிஸ்னிலாந்தின் வாசலில் உள்ள பிரதான வீதி. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்து ஊர்த் தெரு என்பார்கள். அதில் சேறில்லை, குதிரைச் சாணமில்லை, பிச்சைக்காரனில்லை, ஒரு சுவரிலும் வர்ணம் உரியவில்லை. தன் பழமையைக் கழுவித் துடைத்து வைப்பது, பிறர் பழமையைத் துருவேற்றி வைப்பது! ஆனந்தபூரில் காடழிப்பைக் கண்டிக்கும் படகுச் சவாரியும் ஒன்று உண்டு. நல்லதுதான். காட்டை எரிக்கின்றவன் அந்தக் கற்பனை நாட்டின் மரக்கம்பனிக்காரன். அந்த மரம் எந்தத் துறைமுகத்தால், எந்த நாட்டு வீட்டுக்குப் போகிறது என்பது சவாரியில் வருவதில்லை.

வேலை செய்கிறவர்களின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது தனிக்கட்டுரைக்குரியது. 1941இல் படம் வரைந்தவர்கள் செய்த வேலைநிறுத்தத்தையும், 1984இல் டிஸ்னிலாந்து ஊழியர்கள் 22 நாட்கள் செய்த வேலைநிறுத்தத்தையும் விட்டுவிடுவோம். 1990களில் அனஹைம் நகரம் கடன்பத்திரம் விற்றுப் பெரிய வாகனத் தரிப்பிடம் கட்டிக்கொடுத்தது. கம்பனி அதற்குக் கொடுப்பது ஆண்டுக்கு 1 டொலர் வாடகை. தரிப்புக் கட்டணம் கம்பனிக்கு. 2018இல் அந்நகர மக்கள் வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: நகரத்திடம் சலுகை பெறும் உல்லாசத்துறை முதலாளிகள் குறித்த தொகைக்குக் குறையாத சம்பளம் கொடுக்க வேண்டும். நாங்கள் சலுகை பெறவில்லை, இது எங்களைச் சாராது என்றது கம்பனி. ஊழியர்கள் 2019இல் வழக்குப் போட்டார்கள். 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சாரும் என்றது. 2024 டிசம்பரில் 50,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்காக 23 கோடி 30 இலட்சம் டொலர் கொடுக்கக் கம்பனி இணங்கியது. அதே ஆண்டு ஒக்டோபரில் டிஸ்னிலாந்தின் ஆகக்கூடிய ஒருநாள் சீட்டு 206 டொலராயிற்று. 1955இல் வளர்ந்தவருக்கு நுழைவு 1 டொலர். அன்று சவாரிகளுக்குத் தனிச்சீட்டு என்பதையும், அன்றைய 1 டொலர் 2024இல் ஏறத்தாழ 12 டொலர் என்பதையும் கழித்துப் பாருங்கள். கணக்குப் பாட ஆசிரியரைக் கேட்கத் தேவையில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர், வசதியான நாட்டவரின் பிள்ளைகள் சிரிப்பதைப் பார்த்து உமக்குப் பொறாமை என்பார்கள். இருக்கலாம். என் வகுப்பிலுள்ள பிள்ளைகளும் அந்தக் கோட்டையை ஒருநாள் கண்டால் நான் மகிழ்வேன், நானும் கூடப் போவேன். இன்னும் சிலர், கம்பனி தன் குறையைத் தானே எழுதவேண்டுமென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்பார்கள். எந்தச் சட்டத்திலும் இல்லை. கல்யாண அழைப்பிதழில் யாரும் கடன் கணக்கைப் போடுவதில்லை. என் சண்டை கம்பனியோடு அல்ல, அந்த அழைப்பிதழைக் கொண்டுவந்து வகுப்பறைச் சுவரில் வரலாறு என்று ஒட்டுகிற எங்களோடு. 'மைல்கற்கள்' என்ற தலைப்பின் கீழ் வந்தது எதுவாயினும் அப்படியே பிரதிபண்ணுகிற பழக்கம் மாணவரிடமிருந்து ஆரம்பிக்கவில்லை. அரசர்களின் முடிசூட்டு விழாவையே வருடவரிசையில் பாடமாக்கிய நாம்தான் அதைப் பழக்கினோம். அரசர் இருந்த இடத்தில் இப்போது கம்பனி வந்து இருக்கிறது. அவ்வளவே.

2025 மே மாதத்தில் அடுத்த கட்டை அறிவிக்கப்பட்டது. அபூதாபியின் யாஸ் தீவில் டிஸ்னிலாந்து. கட்டுவது, சொந்தமாக வைத்திருப்பது, நடத்துவது எல்லாம் அந்நாட்டு மிறால் நிறுவனம். டிஸ்னி பெயரையும் வடிவமைப்பையும் கொடுத்துப் பங்குப்பணம் வாங்கும். டோக்கியோவில் 1983 முதல் நடக்கும் வியாபார முறையும் ஏறத்தாழ இதுதான். தம்பி இதையும் தன் அட்டையின் கடைசி அம்பாகச் சேர்க்க விரும்பினார்.

"அங்க எங்கட ஊரான் எத்தின பேர் இருக்கிறான்?" என்று கேட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். அவருடைய சொந்தக் காக்கா ஒருவர், என்னிடம் படித்த மூன்று பேர், மீன்காரர் வீட்டு மருமகன். கட்டட வேலையிலும் வாகனம் ஓட்டுவதிலும் உள்ளவர்கள். அந்தக் கோட்டைக்குக் கல்லடுக்க இவர்களில் யாரும் போவார்களோ போகமாட்டார்களோ. போனால், எத்தனை பாகை வெயிலில், எத்தனை மணிநேரம், என்ன சம்பளத்துக்கு என்பதை அவர்கள் வீட்டுக்கு எடுக்கும் தொலைபேசியில் சொல்வார்கள். அதை யாராவது திகதி போட்டு எழுதி வைத்தால் நல்லது என்றேன்.

கண்காட்சி முடிந்துவிட்டது. அட்டை இப்போது ஆசிரியர் அறை அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். 1992க்கும் 2005க்கும் இடையில் கோட்டைப் படமில்லாத ஓர் அம்புக்குறி புதிதாக இருந்தது. பென்சிலால் 1994 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.